இடக்கைத் தழும்பு

"சாப்பாட்டுல தக்காளி இருக்கா?"

பண்ணையின் பரிசோதனைக் கூடத்துக்குப் புதிதாக வந்த இளைஞனிடம் அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. மூன்றாம் பசுமைக்குடிலின் இரண்டு கதவுகளுக்கும் நடுவே, இருவர் நின்றாலே முழங்கை இடிக்கிற சின்ன அறையில், வழியை மறித்துக்கொண்டு நின்றாள். அவன் தோள்பையைத் திறந்து காட்டினான். ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே நாலு வில்லை தக்காளி.

"வெளியே வச்சிட்டு வாங்க தம்பி."

"திங்கிற தக்காளிதானேக்கா?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. உள்ள நிக்கிற செடிக்குத்தான் ஆகும். கடைத் தக்காளி எந்தத் தோட்டத்துச் சீக்கைச் சுமந்துட்டு வந்துச்சோ, யாருக்குத் தெரியும்?"

அவன் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன். இதே விஷயத்தைத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தான். எழுதியவன்தான் பையில் தக்காளியோடு வந்து நின்றான். வைத்துவிட்டு வந்தவனைச் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லி, நாற்பது வரை வாய்விட்டு எண்ணினாள். முப்பதிலேயே குழாயை மூடப் போனவனிடம், "காலேஜ்ல முப்பதோட நிறுத்திட்டாங்களா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அவன் அவளுக்கு "லேப் தம்பி". பண்ணையில் எல்லோரையும் போல அவனும் அவளை "இடக்கை அக்கா" என்றான்.

இடக்கை அவளுக்குப் பிறவியிலேயே வந்தது. பள்ளியில் அந்தக் கைக்கு எத்தனை அடி விழுந்தது என்று கேட்டால், "பரீட்சை மார்க்கைவிட ஜாஸ்தி" என்பாள். துணிக்கடையில் கத்தரிக்கோல் பிடித்தாள். கத்தரிக்கோல்கள் எல்லாம் வலக்கைக்காரர்களுக்கே செய்யப்பட்டவை. ஒரே மாதத்தில் கட்டைவிரல் காய்த்துப்போய் நின்றுவிட்டாள். பிறகு கணவனின் அண்ணன் மனைவி, அதாவது ஓரகத்தி, தான் வேலை பார்த்த பண்ணையில் சேர்த்துவிட்டாள். தக்காளிக் கொடியில் இலைக்கும் தண்டுக்கும் நடுவே முளைக்கிற பக்கக் கொழுந்தைக் கிள்ளி எடுப்பதுதான் வேலை. இதற்குப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் போதும்; தடித்துப்போன கொழுந்துக்கு மட்டும் கத்தி. வலக்கைக்காரர்கள் வரிசையின் ஒரு பக்கத்தில் போனால் அவள் மறுபக்கத்தில் எதிரே போவாள். கையோடு கை மோதாது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கை ஒரு வசதியாகிப்போனது. பண்ணையிலேயே வேகமான கை அவளுடையதுதான். அந்தப் பெருமை அவளுக்கு இருந்தது, மறைக்கவும் இல்லை.

இன்னொரு பெருமையும் இருந்தது. மேலாளருக்குத் தரையில் ஓர் இலை கிடக்கக் கூடாது. பார்வையாளர்கள் வருவார்கள், படம் எடுப்பார்கள். அதனால் ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் "துடைப்பம் சார்". மற்றவர்கள் கிள்ளியதைக் கீழே போட்டுவிட்டு, வரிசை முடிந்ததும் கூட்டி அள்ளுவார்கள். இவள் மட்டும் கிள்ளக் கிள்ள ஏப்ரனின் முன்பையில் போட்டுக்கொண்டு போவாள். பை நிறைந்தால் வரிசைக் கோடியில் இருக்கும் தொட்டியில் கவிழ்ப்பாள். அவள் போன வழியில் ஓர் இணுக்கு கிடக்காது. "இந்தம்மாவைப் பாத்துக் கத்துக்குங்க" என்று துடைப்பம் சார் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். மற்ற பெண்கள் அதற்காக அவளை மூன்று தடவை முறைத்திருக்கிறார்கள்.

லேப் தம்பி வந்து இரண்டு மாதம் ஆகியிருந்த ஒரு திங்கட்கிழமை, பதினான்காம் வரிசையில் அவள் கை நின்றது.

நுனிக்கொழுந்து சரியில்லை. தக்காளி இலை அகலமாக, விரல் விட்டு விரல் விரிந்து இருக்க வேண்டும். இது சூம்பிப் போய்ச் சீப்புப் பல் போலிருந்தது. கீழ் இலையைப் புரட்டி வெளிச்சத்தில் பிடித்தாள். அடர்பச்சையும் வெளிர்பச்சையுமாகத் திட்டுத் திட்டாக, மனிதத் தோலில் தேமல் படர்ந்ததைப் போல. உரம் குறைந்தாலும் இலை வெளுக்கும்தான். ஆனால் அது எல்லாச் செடியிலும் ஒரே சீராக வரும். இது ஒரு செடியில் இருந்தது, அடுத்ததில் இல்லை, அதற்கடுத்ததில் இருந்தது.

கையை எடுத்தவள் அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் அந்தரத்திலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். எதிர்ப்பக்கம் வேலை செய்தவள், "என்னக்கா, சத்தியம் பண்றீங்களா?" என்றாள்.

"லேப் தம்பியைக் கூப்பிடு. எதையும் தொடாம போய்க் கூப்பிடு."

அவன் இலைத்துண்டை ஒரு சிறு பையில் இட்டு, மருந்து நீர் விட்டு நசுக்கி, காகிதப் பட்டையை அதில் நிறுத்தினான். ஒரு கோடு வந்தால் சுத்தம். இரண்டு கோடு வந்தால் வைரஸ். பெண்கள் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள். "ரெண்டு கோடு பாத்து எங்க வீட்டுல இனிப்பு வாங்கினாங்க" என்றாள் ஒருத்தி. ஐந்து நிமிடத்தில் இரண்டாவது கோடும் எழுந்தது. அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை.

இந்த வைரஸுக்கு ஈ வேண்டாம், பூச்சி வேண்டாம். பூச்சி பிடிக்கத் தொங்கவிடும் மஞ்சள் ஒட்டட்டையில் சிக்காது. மருந்து அடித்தாலும் சாகாது. செடியின் சாறு ஈரமாக எதில் ஒட்டுகிறதோ அதில் ஏறிப் போகும்: கை, கத்தி, துணி, கொடி கட்டும் கயிறு. வந்த செடியைப் பிடுங்கலாம், குணமாக்க முடியாது. இன்னும் ஒரு கொடுமை, இன்று தொட்டது இன்று தெரியாது. ஏறக்குறைய இரண்டு வாரம் செடி ஒன்றுமே நடக்காததுபோல் நிற்கும்; பிறகுதான் காட்டும்.

அந்த இரண்டு வாரம்தான் அவளைப் பிடித்துக்கொண்டது. இன்று தெரிவது இரண்டு வாரத்துக்கு முன் நடந்தது. அப்படியானால் இரண்டு வாரமாக நான் எதையெல்லாம் தொட்டேன்? வீட்டுக்குப் போகிற பேருந்தில் விரல்விட்டு நாள் எண்ணிக்கொண்டே வந்து, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை லேப் தம்பி கட்டம் போட்ட தாளில் மூன்றாம் குடிலை வரைந்து, நோய்ச் செடிக்கெல்லாம் சிவப்புப் புள்ளி வைத்தான். பதினான்கிலிருந்து பத்தொன்பது வரை ஆறு வரிசைகள். எல்லா வரிசையிலும் ஒரே பக்கம். அவள் பக்கம்.

"கையை ஒவ்வொரு வரிசைக்கும் கழுவினீங்கதானேக்கா?"

"கழுவினேன்."

"கத்தி?"

"நோய் ஒட்டாம இருக்க, பால்பவுடர் கரைசல்ல முக்கித்தான் எடுத்தேன். ஒரு தடவைகூட விட்டதில்ல." குரல் கொஞ்சம் உயர்ந்தது. "கூட்டிப் பெருக்கிக்கிட்டுப் போறவங்க பக்கம் சுத்தமா இருக்கு, சுத்தமா வேலை செஞ்சவ பக்கம் நோவா?"

அவன் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவளும் பார்த்தாள். ஒவ்வொரு வரிசையும் தொடங்குகிற இடத்தில் புள்ளிகள் விட்டு விட்டு இருந்தன. போகப் போக நெருங்கின. கோடியில் சிவப்பாக மொய்த்தன. அடுத்த வரிசையின் தொடக்கத்தில் மறுபடி குறைவு.

போகப் போக எது கூடும்?

அவள் குனிந்து தன் ஏப்ரனைப் பார்த்தாள். முன்பையின் விளிம்பு பச்சையேறிக் கறுத்துக் கிடந்தது. உள்ளே துணி ஈரமாக, விறைப்பாக. நாற்பது எண்ணிக் கழுவிய கை, முதல் கொழுந்தைக் கிள்ளியதும் நேராக இந்தப் பைக்குள்தான் போய் வந்தது. பிறகு அடுத்த செடி. மறுபடி பை. தொட்டியில் கவிழ்த்தால் கொழுந்து போகும். சாறு எங்கே போகும்? வாரத்துக்கு ஒரு தடவைதான் ஏப்ரன் துவைக்கப் போகும்.

"தம்பி," என்றாள். "இந்தப் பையிலயும் ஒரு பட்டை விட்டுப் பாருங்க."

இரண்டு கோடு.

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். அவள் மடியில் இத்தனை நாள் இருந்தது இலைதான் என்று நினைத்திருந்தாள். லேப் தம்பி, "இது யாருக்குமே தோணலக்கா. உங்க தப்புன்னு சொல்ல முடியாது" என்றான். அவள் காதில் அது விழவில்லை. அவள் மனம் அதற்குள் வேறு ஒரு சனிக்கிழமைக்குப் போய்விட்டிருந்தது.

பத்து நாளைக்கு முந்திய சனிக்கிழமை. நாற்றங்கால் குடிலுக்குப் பொறுப்பாளர் அவள் ஓரகத்திதான். அன்று அங்கே இரண்டு ஆள் காய்ச்சலில் வரவில்லை. ஆறாயிரம் ஒட்டு நாற்று கட்டி முடிக்க வேண்டும், முடியவில்லை. மத்தியானம் ஓரகத்தி வேலியோரம் வந்து கையசைத்தாள். "ரெண்டே மணி நேரம். வா. யாருக்கும் தெரிய வேணாம்." பெரிய செடிக் குடிலில் வேலை செய்தவர் அதே நாளில் நாற்றங்காலுக்குள் போகக் கூடாது என்பது பண்ணையின் முதல் விதி. அவள் போனாள். கை கழுவினாள், புதுப் பிளேடு எடுத்தாள், இருநூற்று நாற்பது நாற்று கட்டினாள். ஏப்ரனை மாற்றவில்லை. வெட்டிய நுனிகளைத் தரையில் போடாமல், வழக்கப்படி, பையில் போட்டுக்கொண்டாள்.

அந்த ஆறாயிரமும் வருகிற வெள்ளிக்கிழமை நாலு தோட்டக்காரர்களுக்குப் போகிறது.

புதன்கிழமை துடைப்பம் சார் முன்னெச்சரிக்கையாக நாற்றங்காலையும் சோதிக்கச் சொன்னார். லேப் தம்பி அங்கங்கே இருபது இலை எடுத்தான். இருபதிலும் ஒரே கோடு. "நாற்றங்கால் சுத்தம்" என்று பலகையில் எழுதிப் போட்டார்கள். அவள் அந்தப் பலகையின் முன் நின்று கணக்குப் போட்டாள். ஆறாயிரத்தில் இருபது. என் கை பட்டது இருநூற்று நாற்பது. அந்த இருபதில் என்னுடையது ஒன்றாவது இருந்திருக்குமா?

இரண்டு குடும்பத்துக்கும் ஒரே வீடு. மாடி ஓரகத்திக்கு, கீழே இவளுக்கு, அடுப்படி பொது. சாயங்காலம் ஓரகத்தி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இவள் கழுவுதொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். நாற்பதைத் தாண்டி எங்கோ போய்க்கொண்டிருந்தது எண்ணிக்கை. விரலிடுக்கில் தோல் வெடித்திருந்தது.

"போதும்டி, கை கரைஞ்சு ஓடிரப் போகுது."

"அக்கா, அந்த சனிக்கிழமை…"

"எந்த சனிக்கிழமை?" கத்தி நிற்கவில்லை.

"நான் வந்து கட்டிக் குடுத்தேனே."

"நீ வந்தேன்னு எந்த நோட்டுல இருக்கு?"

"நோட்டுல இல்ல. நாத்துல இருக்கு."

கத்தி நின்றது. ஓரகத்தி அடுத்த அறையில் பிள்ளைகள் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "பதினஞ்சு வருஷம் நாத்து தட்டு தூக்கி, போன வருஷம்தான் பொறுப்பாளர்னு எழுதிக் குடுத்திருக்காங்க. உன்னையும் நான்தான் கூட்டிட்டுப் போய்ச் சேத்தேன். இருபது இலையும் சுத்தம்னு படிச்ச புள்ளையே சொல்லிருச்சு. நீ என்ன அவனைவிடப் படிச்சவளா?"

"அவனுக்கு எதை எடுக்கணும்னு தெரியாது. எனக்கும் தெரியாது. தட்டெல்லாம் கலந்து போச்சு."

"அப்ப விடு. தெரியாததைத் தெரியாததா விடு."

வியாழக்கிழமை அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. மூன்றாம் குடிலில் நோய்ச் செடிகளைப் பிடுங்கும் வேலை. பிடுங்குவதற்கு முன் செடியின் மேல் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து, சாறு தெறிக்காமல் கட்டி, பிறகே வேரோடு எடுக்க வேண்டும். ஒரு பையை மூன்று தடவை கட்டி அவிழ்த்தாள். வெளியே போனாள், வந்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடினாள். வீட்டுக்குப் போகும் வழியில், பல் மருத்துவமனை வாசலில் இருந்த பூந்தொட்டியின் இலையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டு நின்றவளை, உள்ளே இருந்தவர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, பல்லா?" என்று கேட்டார்.

அவள் கண்ணுக்குள் ஒரு வெள்ளை வேன் வந்து வந்து போனது. நாலு தோட்டக்காரர்களில் சின்னவர்கள் ஒரு கணவனும் மனைவியும். அவர்களுக்கு ஒரே ஒரு குடில். வருஷம் தவறாமல் தாங்களே வேன் எடுத்து வருவார்கள். அந்த அம்மாள் தட்டுகளைப் பின்னால் ஏற்றிவிட்டு, கூடவே உட்கார்ந்து, வெயில் படாமல் தன் துப்பட்டாவை விரித்துப் பிடித்துக்கொண்டு போவாள். பெரிய தோட்டக்காரர்களுக்கு ஒரு குடில் போனால் இன்னொன்று உண்டு.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாததுமாக, குளித்து, துவைத்த துணி உடுத்தி, ஏப்ரன் இல்லாமல் பண்ணைக்கு வந்தாள். நாற்றங்காலின் வெளிக்கதவைத் தட்டினாள். உள்ளே ஏற்கெனவே வெளிச்சம். ஓரகத்தி தட்டுகளுக்கு நடுவே கீழே உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"ஒரு மணி நேரமா பாக்குறேன்," என்றாள் ஓரகத்தி. "எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கு. எதுடி உன்னுது?"

இவள் குனிந்தாள். ஒட்டு நாற்று என்றால் ஒரு செடியின் வேரும் இன்னொரு செடியின் தலையும். இரண்டையும் சாய்வாக வெட்டி, பொருத்தி, கண்ணாடி போன்ற சின்னக் கிளிப்பை மாட்டிவிடுவார்கள். அந்தக் கிளிப்புக்கு இரண்டு காது உண்டு. காதைத் தன் பக்கம் திருப்பி ஒரு நாற்றைப் பார்த்தாள். உள்ளே தழும்பு இடமிருந்து வலமாக இறங்கியது. அடுத்த தட்டு, அதுவும் அப்படியே. அடுத்ததும். பதினோராவது தட்டில் தழும்பு வலமிருந்து இடமாக இறங்கியது. அந்தத் தட்டு முழுக்க அப்படித்தான்.

"அக்கா, இங்க பாருங்க. எல்லாரும் ஒரு பக்கம் வெட்டியிருக்கீங்க. நான் எதிர்ப்பக்கம்."

ஓரகத்தி பக்கத்துத் தட்டையும் இதையும் மாறி மாறிப் பார்த்தாள். "அடிப்பாவி," என்றாள் மெதுவாக. "உன் கை கையெழுத்தே போட்டு வச்சிருக்கு."

இருவரும் சேர்ந்து நூற்றிருபது தட்டையும் பார்த்தார்கள். ஐந்து தட்டு கிடைத்தது. ஓரகத்தி எழுந்து நின்று கதவைப் பார்த்தாள். "அஞ்சுதானே. தூக்கிப் பின்னால குழியில போட்டுடலாம். அஞ்சு குறைஞ்சா எண்ணுறப்ப தப்பிருச்சுன்னு சொல்லிக்கலாம். மிச்சம் போகட்டும்."

இவளுக்கும் ஒரு கணம் அது போதும் போலத்தான் இருந்தது. கைகூடத் தட்டை நோக்கிப் போனது. அப்போதுதான் பக்கத்துத் தட்டின் இலையும் தன் தட்டின் இலையும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். பதிமூன்று நாளாக உரசிக்கொண்டுதான் நின்றிருக்கின்றன. போதாததற்கு, தட்டைத் தூக்கி இடம் மாற்றிய கைகளும் உண்டு.

"மிச்சம்னு எதைச் சொல்றதுக்கா?" என்றாள். "நீங்களே சொல்லுங்க. நீங்க சொன்னா உங்களுக்கு மரியாதை. இல்லேன்னா நான் சொல்றேன். வேன் வர்றதுக்குள்ள சொல்லணும்."

ஓரகத்தி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். பிறகு, "நான் போய் என் வாயால என் தலையில மண்ணைப் போட்டுக்க மாட்டேன்," என்றாள். "நீ போ. நான் தடுக்கல."

அவள் போனாள். துடைப்பம் சாரிடம் நின்றவாறே எல்லாம் சொன்னாள்; சனிக்கிழமை, ஏப்ரன், பை, ஐந்து தட்டு. யார் கூப்பிட்டது என்று அவர் கேட்டார். "நான்தான் போனேன்," என்றாள். அவர் நோட்டைப் புரட்டினார், அங்கே ஒன்றும் இல்லை. அதற்குள் கதவோரம் வந்து நின்ற ஓரகத்தி, "நான் கூப்பிட்டுத்தான் சார் வந்தா," என்று சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் திரும்பிப் போனாள்.

லேப் தம்பி பட்டைகளோடு ஓடி வந்தான். ஐந்து தட்டில் மூன்று தட்டுக்கு இரண்டு கோடு. பக்கத்தில் நின்ற ஒரு தட்டிலும் இரண்டு கோடு. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பச்சைப் பசேலென்று, கொழுகொழுவென்று நின்றன.

வெள்ளை வேன் வந்தபோது நாற்றங்கால் கதவில் பூட்டு தொங்கியது. அந்தத் தோட்டக்காரர் சத்தம் போட்டார். மண் தயார், தண்ணீர்க் குழாய் தயார், நாத்து இல்லையென்றால் என்ன அர்த்தம் என்றார். அவர் மனைவி துப்பட்டாவைக் கையில் சுருட்டிக்கொண்டு, உள்ளே நின்ற பசுமையைக் கண்ணாடி வழியே பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு," என்றாள். இடக்கை அக்காதான் வெளியே வந்து, கையைக் கட்டிக்கொண்டு, எதையும் தொடாமல், "அது என் தப்பும்மா. புதுசா கட்டித் தர்றோம். மூணு நாலு வாரம் பொறுத்துக்குங்க" என்றாள். வேன் காலியாகத் திரும்பியது.

நோய் கண்ட தட்டுகள் இருந்த நாற்று மேடையில் நின்றவை எல்லாம் பையில் கட்டி அழிக்கப்பட்டன. மற்றவற்றைத் தனியே வைத்து மூன்று வாரம் தட்டுக்குத் தட்டு சோதித்து, சுத்தமானதைப் பிறகு அனுப்பினார்கள். முதன்முதலில் மூன்றாம் குடிலுக்குள் வைரஸ் எப்படி வந்தது என்பது இன்றுவரை தெரியாது. ஓரகத்தியைப் பொட்டலம் கட்டும் கொட்டகைக்கு மாற்றினார்கள். இரண்டு மாதம் அவள் இவளோடு நேராகப் பேசவில்லை. ஒரே அடுப்படியில் நின்றுகொண்டே, "உங்க சித்திகிட்ட உப்பு டப்பாவை எடுக்கச் சொல்லு" என்று பிள்ளையிடம் சொல்வாள். பிள்ளைகளுக்குத் தபால்காரர் வேலை அலுத்துப்போன பிறகுதான் பேச்சு வந்தது.

ஓரகத்தி இந்தப் பருவத்தில் நாற்றங்காலுக்குத் திரும்பிவிட்டாள். பொறுப்பாளராக அல்ல, ஒட்டுக் கட்டுகிறவளாக. மூன்றாம் குடிலில் இப்போது இந்த வைரஸ் ஏறாத வெள்ளரி நிற்கிறது. பண்ணையில் எந்த ஏப்ரனுக்கும் பை கிடையாது. இருந்த நாற்பத்திரண்டு ஏப்ரன்களின் பைகளையும் பிரித்தெடுத்தவள் இவள்தான். கிள்ளிய கொழுந்தைத் தரையில் போடுகிறார்கள். துடைப்பம் சார் பார்த்தும் பார்க்காததுபோல் போகிறார். இடக்கை அக்கா காலையில் நாற்றங்கால் வாசலில் நின்று வருகிறவர்களின் பையைத் திறந்து பார்க்கிறாள், நாற்பது எண்ணுகிறாள், பிறகு இரண்டாம் குடிலில் பதினோராம் வரிசைக்குப் போய் இடப்பக்கமாகக் கொழுந்து கிள்ளுகிறாள்.